ஒரு நூல் குறைச்சல்

அப்பாவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. பட்டறைக்கு வருகிற யாராவது கூலியைக் குறைப்பதற்காக "வெறும் அலமாரி வேலைதானே" என்று இழுத்தால் போதும். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "அலமாரி செஞ்சவன்தான்யா சண்டைக்கு ஏரோப்ளேன் செஞ்சான், தெரியுமா?" என்பார். வந்தவருக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. கூலி குறையாது. எந்தச் சண்டை, எந்த ஏரோப்ளேன் என்று நாங்கள் கேட்டால் "லண்டன்ல ஒரு பர்னிச்சர் கம்பெனி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எங்கோ பழைய பேப்பரில் படித்திருக்க வேண்டும். தென்காசியில் மரக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு, அந்த முகம் தெரியாத லண்டன்காரர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த வாக்கியம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. உண்மைதானா என்று ஒருநாள் தேடிப் பார்க்கப் போய், அதற்குள்ளேயே பல மாதம் கிடந்தேன். உண்மைதான். ஆனால் அப்பா சொன்ன அளவில் அது முடியவில்லை. முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த இடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

டாட்டன்ஹாம் பட்டறை

அப்பா சொன்ன கம்பெனி ஹாரிஸ் லீபஸ். லண்டனின் வடக்கே டாட்டன்ஹாமில் இருந்தது. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மரச்சாமான் தொழிற்சாலை என்று பெயர் வாங்கியது. முதல் உலகப் போரிலேயே குண்டுவீச்சு விமானங்கள் கட்டிக் கொடுத்த கை. இரண்டாம் போரில் அங்கே முக்கியமாகச் செய்தது ஹோர்சா என்ற கிளைடரை. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும், வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் கயிற்றை விட்டுவிடும், அதன்பின் சத்தமில்லாமல் சரிந்து போய் வயலில் இறங்க வேண்டியதுதான். உள்ளே 25 பேருக்கு மேல் சிப்பாய்கள், இல்லாவிட்டால் ஒரு ஜீப்பும் பீரங்கியும்.

ஏன் மரம் என்பதற்குக் காரணம் எளிது. அலுமினியத்தையும் அதைத் தட்டி வேலை செய்யத் தெரிந்த ஆட்களையும் சண்டை விமானங்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. மறுபக்கம், வீட்டுச் சாமான் வாங்குவாரில்லாமல் மரவேலைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏர்ஸ்பீட் நிறுவனம் ஹோர்சாவை வரையும்போதே இவர்களை மனதில் வைத்துத்தான் வரைந்தது. அரசாங்கத்தின் தேவைக் குறிப்பு வந்தது 1940 கடைசியில். முதல் கிளைடர் பறந்தது 1941 செப்டம்பர் 12. ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது பறந்த திடல் இன்றைக்கு ஹீத்ரோ விமான நிலையத்துக்குள் கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது அதைப் பிரித்துக்கொண்ட விதம். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 88 அடி, நீளம் 67 அடி. இவ்வளவு பெரியதை ஒரே கூரையின் கீழ் முழுதாகச் செய்ய வேண்டியதில்லை. முப்பது துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மரச்சாமான் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓடுதளம் ஏது? அதனால் துண்டுகளை லாரியில் ஏற்றி விமானப்படைக் கிடங்குகளுக்கு அனுப்ப, அங்கே சேர்த்துப் பூட்டிப் பறக்க வைத்தார்கள். நாம் கட்டிலைத் தலைமாடு, கால்மாடு, சட்டம் என்று பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றிப்போய் கல்யாண வீட்டில் பூட்டிக் கொடுப்போமே, அதே கணக்கு. என்ன, ஒரு ஊரில் செய்த தலைமாடு இன்னொரு ஊரில் செய்த சட்டத்தில் உட்கார வேண்டும். அங்கே "இந்தக் கட்டிலுக்கு இந்தச் சட்டம்" என்று பென்சிலால் அடையாளம் போட்டு வைக்க முடியாது. மொத்தம் 3,600க்கு மேல் செய்தார்கள்.

உடல் ஒரு உருளை. மர வளையங்களை வரிசையாக நிறுத்தி, மேலே ப்ளைவுட் போர்த்தி ஒட்டியது. ஒட்டுவதுதான் இதில் உயிர். அதற்கு முன்னால் மர விமானங்களுக்குப் பாலிலிருந்து எடுத்த கேசின் பசையைத்தான் நம்பியிருந்தார்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், விட்டுப்போகும். 1930களில் நார்மன் டி ப்ரூயின் என்பவர் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டில் ஏரோலைட் என்ற செயற்கைப் பசையை உண்டாக்கினார். ஒரு மரத்தில் பசை, சேரப்போகும் மற்ற மரத்தில் இறுக வைக்கும் அமிலம். இரண்டும் தொட்டபிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பட்டறையில் வஜ்ரப் பசை காய்ச்சுவார்கள். தகர டப்பாவில் அது கொதிக்கும்போது வரும் நாற்றம் தெருமுனை வரை போகும். ஆறுவதற்குள் பூசி ஒட்டியாக வேண்டும் என்று எல்லோரும் ஓடுவார்கள். ஏரோலைட்டைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, இதைப் பார்த்திருந்தால் அப்பா எவ்வளவு பொறாமைப்பட்டிருப்பார் என்பதுதான்.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அவர்களுடைய கிளைடர் வாகோ. உடம்புக்கு இரும்புக் குழாய்ச் சட்டம், இறக்கையும் தரையும் மரம், மேலே துணி. 13,900 செய்தார்கள். பதினாறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அவற்றில் பியானோ கட்டை செய்த கம்பெனி உண்டு, குளிர்பெட்டி செய்த கம்பெனி உண்டு, மரச்சாமான் கம்பெனியும் உண்டு. ஊறுகாய்க்கும் சாஸுக்கும் பேர்போன ஹெய்ன்ஸ் இறக்கை செய்து கொடுத்தது. ஃபோர்டு மட்டும் மிச்சிகனின் கிங்ஸ்ஃபோர்டில் 4,190 கிளைடர் செய்தது. மரச்சட்டம் வைத்த கார்களுக்காகச் சொந்தக் காடு, சொந்த ரம்பப் பட்டறை, மரம் உலர்த்தும் அறை எல்லாம் அங்கே முன்பே இருந்தன. மீந்துபோகும் மரத்தைக் கரியாக்கிக் கட்டிகளாக அழுத்தி விற்றதும் அங்கேதான். அடுப்புக்கரி வரை கணக்குப் பார்க்கிற ஊரில் கிளைடர் மலிவாக வந்ததில் ஆச்சரியமில்லை. மாறாக இண்டியானாவில் ஒரு கம்பெனி 17 லட்சம் டாலர் செலவழித்து ஒரே ஒரு கிளைடரைக் கொடுத்தது. எங்கள் தெருவில்கூட அப்படி ஒரு கான்ட்ராக்டர் இருந்தார்.

ஒருமுறை இறங்க

இங்கே எனக்கு முதல் உறுத்தல் வந்தது. இத்தனை பேர், இத்தனை பசை, இத்தனை ஸ்புரூஸ் மரம். எல்லாம் எதற்கு என்றால், ஒரே ஒருமுறை இறங்குவதற்கு. பயிற்சிக்குப் பறந்தவை பலமுறை பறந்தன, அது வேறு. சண்டைக்குப் போனதைத் திரும்ப எடுத்து வருவது அபூர்வம். ஹோர்சாவின் வாலைக் கழற்றிப் பின்பக்கம் திறந்து ஜீப்பை இறக்குவதற்கென்றே போல்ட் வைத்திருந்தார்கள். அது வரவில்லை என்றால் வெட்டித் தள்ளிவிட்டு இறக்க வேண்டியதுதான். செய்த கையே வெட்டவும் சேர்த்துத்தான் செய்கிறது. தச்சு வேலையில் இதற்கு நான் இணை தேடினேன். கிடைத்தது சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டு கொடுப்பார்கள். மூன்று வாரம் கழித்துப் பிரித்துக் குவித்துவிடுவார்கள். வீடு குடிபோகும் நாளில் அந்த வேலையை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் கான்கிரீட் ஈரமாக இருக்கும் அந்த ஒரு ராத்திரி முட்டு நழுவினால் கீழே நிற்கிறவன் கதி அவ்வளவுதான்.

அந்த ஒரு ராத்திரியை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரம். நார்மண்டியில் கான் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ஹோர்சா ஒன்று இறங்கி, முள்கம்பியில் போய் மூக்கை முட்டி நின்றது. பாலத்துக்கு ஐம்பது மீட்டர்கூட இல்லை. ஓட்டிய ஜிம் வால்வர்க்கும் துணை ஓட்டியும் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு இருக்கையோடு வெளியே போய் விழுந்தார்கள். பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. சில நிமிடங்களில் பாலம் கைக்கு வந்தது. மூக்கு நொறுங்கியும் உள்ளே இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள் பாருங்கள், அதில் டாட்டன்ஹாம்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். இந்தக் கதையை அப்பா கேட்டிருந்தால் பட்டறையில் யாருக்கும் ஒரு வாரம் வேலை ஓடியிருக்காது.

நம் பக்கத்திலிருந்தும் கிளைடர்கள் போயின. 1944 மார்ச் 5 ராத்திரி, அசாமின் கச்சார் பகுதியில் லாலாகாட் என்ற இடத்திலிருந்து பர்மாவுக்குள், ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சண்டை போடுகிற சிண்டிட் படையை இறக்க வாகோ கிளைடர்களைக் கிளப்பினார்கள். ஒரு டகோட்டா விமானம் இரண்டு கிளைடரை இழுத்துக்கொண்டு மலையைத் தாண்ட வேண்டும். பல கயிறுகள் நடுவிலேயே அறுந்தன. பிராட்வே என்று பெயர் வைத்த வெட்டவெளிக்கு 35 கிளைடர்கள்தான் போய்ச் சேர்ந்தன. அங்கே இன்னொரு வினை காத்திருந்தது. தேக்கை வெட்டி இழுத்துப்போன தடங்கள் பள்ளமாகப் புல்லுக்குள் மறைந்து கிடந்தன. இருட்டில் இறங்கிய கிளைடர்கள் அதில் மோதி உடைந்தன. பின்னால் வந்தவை முன்னால் உடைந்து கிடந்தவற்றின் மேல் மோதின. கோவேறு கழுதைகளைக்கூட இவற்றில் ஏற்றியிருந்தார்கள். மிரண்டு உதைத்தால் சுட்டுவிட உத்தரவு. ப்ளைவுட் தரையில் குளம்பு! உடையாமல் போய் இறங்கிய ஒரு சின்ன புல்டோசரால் தரையைச் சமன்படுத்தி மறுநாள் ராத்திரியே விமானங்களை இறக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, வீண் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பசை காயும்வரை காத்திருந்து, இழைத்து, தடவிப் பார்த்து, அனுப்பிய ஒன்று புல்லுக்குள் அரை நிமிடத்தில் சுள்ளியாகிறது என்பதை என் கை ஏற்றுக்கொள்ளவில்லை. சரி, போர் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானத்தோடு செயின்ட் லூயிஸுக்கு வந்து சேர்ந்தேன்.

செயின்ட் லூயிஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை

1943 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து லாம்பர்ட் விமானத் திடல். அந்த ஊர் ராபர்ட்சன் நிறுவனம் செய்த வாகோ கிளைடரை ஊர் மக்களுக்குப் பறந்து காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான பேர் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். கிளைடருக்குள் ஏறியவர்களில் நகர மேயர் வில்லியம் டீ பெக்கர் இருக்கிறார், நிறுவனத்தின் முதலாளி வில்லியம் ராபர்ட்சன் இருக்கிறார். அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து தாண்டிய லிண்ட்பர்க், அந்தப் பெயர் வாங்குவதற்கு முன்னால் தபால் விமானம் ஓட்டினாரே, அது இந்த ராபர்ட்சனின் கம்பெனிக்காகத்தான். மொத்தம் பத்துப் பேர். கயிறு கட்டி மேலே இழுத்துப் போனார்கள். கயிற்றை விட்டதுமே வலது இறக்கை மடங்கிப் பிய்ந்தது. கிளைடர் கூட்டத்தின் கண்ணெதிரே நேராகத் தரைக்கு வந்தது. பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பிய்ந்தது மரமில்லை. வாகோவின் இறக்கையை உடம்போடு தாங்கிப் பிடிக்கிற சாய்ந்த கம்பி ஒன்று உண்டு. சென்ட்ரிங் முட்டு மாதிரிதான் அதுவும், முட்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்த முட்டு போய் உட்காரும் இடத்தில் ஒரு உலோகப் பொருத்து. அதைக் கடைசலில் குடையும்போது வரைபடம் கேட்டதைவிடச் சுவரை மெல்லியதாகக் குடைந்துவிட்டார்கள். அந்தப் பொருத்து அதே ஊரில் ஒரு துணை ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்தது. அவர்கள் முன்பு சவப்பெட்டி செய்துகொண்டிருந்தவர்கள். இந்தக் கதையை எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று புருவத்தை உயர்த்துகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஊறுகாய்க் கம்பெனியின் இறக்கையும் பியானோக் கம்பெனியின் உடம்பும் பறந்துகொண்டுதான் இருந்தன. சவப்பெட்டி செய்தவன் கை மட்டும் என்ன குறைச்சல்? பிரச்சினை தொழிலில் இல்லை. வரைபடத்தை விட்டு விலகிய ஒரு துண்டு, பார்க்க வேண்டியவர்கள் பார்வையைத் தாண்டி, போல்ட்டுக்கு அடியில் போய் மறைந்துகொண்டது. ஒரு கிளைடரில் 70,000 உறுப்புகள். அதில் ஒன்று.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் மேயர் இல்லை.

எனக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூ லீவில் பட்டறையில் நிற்கிறேன். அப்பா இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு டீச்சர் வீட்டுக்குப் புத்தக அலமாரி ஒன்றுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் தடவையாக முழு வேலையையும் என்னிடம் விட்டார். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. கீழ்த்தட்டின் பக்கச் சட்டத்தில் மட்டும் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, ஒரு நூல் குறைந்துவிட்டது. வெளியாருக்குச் சொல்ல வேண்டும், பட்டறையில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். துளையில் வைத்தால் கழுந்து லொடலொடவென்று ஆடியது. வேறு சட்டம் அறுக்க வேண்டும், அறுத்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்துத் துளையில் அடைத்து, கழுந்தை இறக்கி, மேலே பீடிங் அடித்து, வார்னிஷ் போட்டுவிட்டேன். அப்பா வந்து தடவிப் பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து லேசில் வராது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தட்டு புத்தகங்களோடு சரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. டீச்சர்தான் "நான் அளவுக்கு மீறி அடுக்கிட்டேன் போல" என்று அப்பாவிடம் மன்னிப்பு கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அப்பா போய்ச் சரி செய்துவிட்டு வந்தார். துளையைப் பிரித்துப் பார்த்திருப்பார், உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறமும் ஆட்களிடம் அலமாரி செய்தவன் ஏரோப்ளேன் செய்த கதையைச் சொன்னார். நான் பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னார்.

அதனால்தான் அந்த வாக்கியம் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அலமாரி செய்தவன் விமானம் செய்ய முடியும், சந்தேகமில்லை. ஆனால் அலமாரிப் பட்டறையில் நாங்கள் கற்றுக்கொள்வதில் பாதி, பிழையை மறைக்கும் வித்தை. இடைவெளிக்கு மரத்தூள், ஓரத்துக்குப் பீடிங், எல்லாவற்றுக்கும் மேலே பாலிஷ். மரம் ஏறும், இறங்கும், கோணும் என்பதால் அந்த வித்தையும் வேண்டித்தான் இருக்கிறது, அதை நான் கேவலமாகச் சொல்ல மாட்டேன். டாட்டன்ஹாமில் அத்தனை பேரும் போர்க்காலத்தில் கற்றதைவிட மறந்ததுதான் அதிகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருபது வருடம் பழகிய கை, இடைவெளியைப் பார்த்ததும் மரத்தூளைத் தேடிப் போயிருக்கும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது எதுவோ, அதைத்தான் அப்பா தன் கதையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

அண்ணாச்சி

அப்பாவோடு முப்பது வருடம் வேலை செய்த ஒருவர் இப்போதும் அதே கொட்டகையில் பட்டறை நடத்துகிறார். எனக்கு எப்போதும் அண்ணாச்சி. போன மாதம் ஊருக்குப் போனபோது மரத்தூள் குவியல் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். டீச்சர் வீட்டு அலமாரியையும் சொல்லிவிட்டேன். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எந்த டீச்சர்?" என்றார்.

சொன்னேன்.

"ஞாபகம் இல்ல தம்பி. மரத்தூள் வைக்காம எவன் வேலை செஞ்சான்? உங்கப்பா வைக்கலேங்கியா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அவர் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டே செயின்ட் லூயிஸுக்குத் திரும்பினார்.

"அந்த முதலாளியுமா ஏறினான்?"

"ஆமா, அவரும்தான்."

"அப்போ அவனுக்குத் தெரியாது" என்றார். பிறகு, "செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. பேச்சை மாற்றலாம் என்று, போர் முடிந்தபின் நடந்ததைச் சொன்னேன். ஹோர்சாவின் உடல்களை இங்கிலாந்தில் கொட்டகையாக, குடியிருக்கும் வீடாகக்கூட வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. வாகோ கிளைடர்கள் திறக்கப்படாத பெரிய பெரிய மரப்பெட்டிகளில் அப்படியே கிடந்தன. அரசாங்கம் அடிமாட்டு விலைக்கு விற்றது. வாங்கியவர்களில் நிறையப் பேர் பெட்டியின் பலகைக்காகத்தான் வாங்கினார்கள். பெட்டியைப் பிரித்து வீடும் தொழுவமும் கட்டிக்கொண்டு, உள்ளே இருந்த கிளைடரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சி முதல் தடவையாக அரத்தைக் கீழே வைத்தார்.

"பெட்டி என்ன மரம்?"

"பைன்."

"பைனா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய் நின்றார். கொட்டகையின் மூலையைக் காட்டினார். அங்கே ஆணி பிடுங்கிய பலகைகள் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. "தூத்துக்குடி ஹார்பர்ல இருந்து போன வாரம் வந்தது. பெட்டி மரம்தான். வேணும்னா ரெண்டு கட்டு எடுத்துக்கோ, அந்த டீச்சருக்குப் புதுசா ஒண்ணு அடிச்சுக் குடு."